எனது என்னும் சிறு பெட்டி

"இது யாருதுங்க சார்?" என்று லைன்மேன் கேட்டபோது, அவர் கேட்டது வேதாந்த விசாரத்துக்குரிய ஒரு கேள்வி என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் அப்போது தோன்றவில்லை. வேப்பம்பட்டில் எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஃபைபர் கம்பெனியார் மாட்டிவிட்டுப் போன கறுப்புப் பெட்டிக்குப் பக்கத்தில், என் கைப்பணத்தைக் கொண்டு நான் வாங்கி வைத்திருந்த மெஷ் ரௌட்டரைச் சுட்டிக்காட்டித்தான் அவர் அப்படிக் கேட்டார். என்னுடையதுதான் என்று, சற்றுப் பெருமை தொனிக்கவே, பதில் சொன்னேன். "அப்பச் சரி சார். நம்ம பாக்ஸ் வரைக்கும் லைட்டு ஒழுங்கா வருதான்னு நாங்க பாத்துடுவோம். அதுக்கு மேல உங்க ரௌட்டர் உங்க பொறுப்பு" என்று கூறி, ஒளியின் அளவைப் பார்க்கும் மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு அவர் வண்டியேறிவிட்டார். எனது என்று நான் பெருமையாகச் சொன்ன சொல்லை, பொறுப்பு என்ற வேறொரு சொல்லாக்கி அவர் என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார் என்பது, அவர் போய் நெடுநேரம் கழித்தே எனக்கு உறைத்தது.

இரண்டாவது பெட்டி ஒன்று ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் ஊர் வீடுகளின் சுபாவத்தைச் சிறிது சொல்ல வேண்டும். வேப்பம்பட்டு, சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் பாதையில் திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் இடையே உள்ள ஸ்டேஷன். 1856-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடிய பாதை இதுவே. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலும், அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும், காக்களூரிலும், அப்பால் கும்மிடிப்பூண்டியிலும் உழைத்தவர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்து இங்கே மனை வாங்கினார்கள், முதலில் கூடமும் அடுப்படியும் கட்டிக் குடியேறினார்கள், பி.எஃப். பணம் கையில் வந்தபோது பின்னால் ஓர் அறை சேர்த்தார்கள். மகனுக்குக் கல்யாணம் என்றபோது அதற்கும் பின்னால் மற்றோர் அறை சேர்த்தார்கள். இவ்வாறு வளர்ந்த வீட்டில், ஒரு காலத்தில் வெளிச்சுவராக வெயிலும் மழையும் தாங்கிய ஒன்பது அங்குலச் செங்கற்சுவர், அடுத்த காலத்தில் உட்சுவராகி நடுவிலேயே நின்றுவிடுகிறது. முன் கூடத்துப் பெட்டி எழுப்பும் வைஃபை அலை அத்தகைய இரண்டு சுவர்களையும், போதாக்குறைக்கு ஓர் இரும்பு பீரோவையும் கடந்துதான் என் மகள் படிக்கும் கடைசி அறைக்குப் போக வேண்டும். போகவில்லை. ஆசிரியர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் திரையில் உறைந்துபோவதும், அவள் கணினியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடிவருவதும் நித்திய வழக்கமாயின.

மெஷ் என்பதன் ஏற்பாடு சுலபமானது. ஒரே பெட்டி முழு வீட்டையும் ஆள முயல்வதற்குப் பதிலாக, இரண்டு மூன்று பெட்டிகள் வீட்டில் அங்கங்கே அமர்ந்து, தமக்குள் பேசிக்கொண்டு, ஒரே பெயரில் ஒரே வலையை விரிக்கின்றன. கையில் போனோடு நடப்பவன் ஒன்றின் எல்லையிலிருந்து மற்றொன்றின் எல்லைக்குள் போவதை அறிவதேயில்லை. அந்தச் சௌகரியத்தோடு வேறோர் ஆசையும் எனக்கு இருந்தது. கம்பெனியார் தந்த பெட்டியை அவர்கள் தொலைவிலிருந்தே திறக்கலாம், அமைப்பை மாற்றலாம். நான் வாங்கிய பெட்டியின் சாவி என்னிடமே இருக்கும். ஸ்வாதீனம் என்று நம் முன்னோர் சொன்னார்களே, அந்தச் சொல்லின் ருசியும் விலையோடு சேர்ந்தே இருந்தது.

ஆனால் லைன்மேன் போன பிறகு, எனது என்று நான் எதைச் சொன்னேன் என்று யோசிக்கத் தொடங்கினேன். என் மகளின் பாடம் எங்கள் வீடு வந்து சேரும் வழியை மனத்தில் நடந்து பார்த்தேன். அயல்நாட்டிலிருந்து அது புறப்படுமானால் கடலடிக் கம்பி ஒன்றின் வழியே வருகிறது. 2002-இல் சிங்கப்பூரையும் சென்னையையும் இணைத்த ஐ-டூ-ஐ போன்ற அக்கம்பிகள் சென்னைக் கரையில் ஏறுகின்றன. அவை என்னுடையவை அல்ல. தெருக் கம்பங்களில் தொங்கிவரும் வடமும், அதனுள்ளே 9 மைக்ரான் அகலமே உள்ள ஒளியின் பாதையும் என்னுடையவை அல்ல. தெருவில் எங்கோ ஒரு டப்பாவுக்குள், மின்சாரமே வேண்டாத ஸ்ப்ளிட்டர் ஒன்று, வரும் ஒரே ஒளியை 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ பங்கிடுகிறது. அந்தப் பங்கீட்டின் விசித்திரம் என்னவென்றால், எல்லா வீடுகளுக்கும் ஒரே ஒளிதான் செல்கிறது. அண்டை வீட்டார் பார்க்கும் சினிமாவும் என் வீட்டுச் சுவர் வரையில் வந்துதான் நிற்கிறது. கூடத்துச் சுவரிலுள்ள கம்பெனிப் பெட்டி தன் பெயர் எழுதப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு, தன்னால் படிக்க முடியாதபடி மறைத்து அனுப்பப்பட்ட பிறர் செய்தியை விட்டுவிடுகிறது. பதில் சொல்லவோ, தனக்கென்று ஒதுக்கிய கணம் வரும்வரையில் அது வாய் திறக்கலாகாது. பங்கும் பொது, முறையும் பொது. அதில் என் சொந்தம் என்று எதைப் பிரித்துக் காட்டுவேன்?

சரி, சுவருக்கு இப்பால் வந்த பிறகாவது என்னுடையதா என்று பார்த்தால், அங்கே இருப்பது வானவெளி. வானலைகள் பொதுச் சொத்து என்று நம் உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் ஒரு கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கிலே தீர்ப்பளித்தது; 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை லைசென்ஸ் இல்லாமலே யாரும் உபயோகிக்கலாம் என்று மத்திய அரசு 2005-இல் விட்டுக்கொடுத்தது. அந்த அநுமதியினாலேதான் என் ரௌட்டரின் அலை மதில் தாண்டி அண்டை வீட்டு முருங்கை மரம் வரையில் உலாவுகிறது. அவர்கள் வீட்டு அலை, கதவைத் தட்டாமலே, என் மகளின் அறைக்குள் வந்து போகிறது. போனைத் திறந்தால் தெருவார் அத்தனை பேருடைய வலைகளும் பெயர் சொல்லி நிற்கின்றன. மிஞ்சியது பெட்டி ஒன்றே. அதனுள்ளே ஓடும் மென்பொருளோ உற்பத்தியாளர் உரிமம் கொடுத்து அவ்வப்போது தாமே புதுப்பித்துக்கொள்வது. இதுவன்று, இதுவன்று என்று ஒவ்வொன்றாகத் தள்ளி ஆத்மாவைத் தேடிய உபநிஷத்து முனிவர்கள் கடைசியில் பூரணத்தைக் கண்டார்கள். அதே முறையில் தள்ளிக்கொண்டு வந்த எனக்குக் கடைசியில் கையிலே நின்றது கொஞ்சம் பிளாஸ்டிக்கும், கொஞ்சம் செம்பும், ஒரு பில்லும்.

இவ்வளவு அற்பமான உடைமையும் வீட்டுக்குள் வந்தவுடன் கலகம் செய்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் முதலில் செய்தது எல்லோரும் செய்வதே: கம்பெனிப் பெட்டியின் துளையொன்றில் கம்பியைச் செருகி, மறுமுனையை என் ரௌட்டரில் செருகினேன். கம்பெனிப் பெட்டி வெறும் வாயில் அன்று; அதற்குள்ளும் ஒரு ரௌட்டர் உண்டு. வீட்டுக்குள் இருக்கும் கருவிகளுக்கு 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகளை வழங்குவதும், வெளியிலிருந்து வருவதை இன்னாருக்கு உரியது என்று பிரித்து அனுப்புவதும் அதன் உத்தியோகம். என் ரௌட்டருக்கும் அதுவே உத்தியோகம். ஆக, ஒரு வீட்டில் இரண்டு எஜமானர்கள் அமர்ந்தார்கள். இருவரும் பெயர் சூட்டினார்கள், இருவரும் கதவைக் காத்தார்கள், ஒருவர் மாற்றி அனுப்பிய முகவரியை மற்றவர் மீண்டும் மாற்றினார். பழைய வலையில் இருந்த பிரிண்டரைப் புதிய வலையில் இருந்த கணினிக்குத் தெரியவில்லை. மூன்று அடி தூரத்தில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்ற அவ்விரண்டும் வெவ்வேறு ராஜ்யப் பிரஜைகளாகிவிட்டன. ஆயினும் பெரும்பாலான காரியங்கள் நடக்கவே செய்தன; படம் ஓடிற்று, கடிதம் வந்தது, பணம் போயிற்று. இதுவே இந்த விவகாரத்தில் நான் முக்கியமாகக் கருதும் அம்சம். அகங்காரத்தை நாம் எளிதில் கண்டுகொள்ளாமைக்குக் காரணம், அது இருக்கும்போதும் உலக காரியம் பெரும்பாலும் நடந்துகொண்டே இருப்பதுதான். எங்கோ ஒரு மூலையில், நெருங்கின இரண்டு பேர் ஒருவரையொருவர் காணாமற்போகும்போதுதான் வீட்டில் இரண்டு 'நான்' இருப்பது வெளியாகிறது.

இதற்குப் பரிகாரம், இரண்டில் ஒன்று எஜமானத்தனத்தை விடுவது. கம்பெனிப் பெட்டி விடுவதானால் அதற்குப் பிரிட்ஜ் மோடு என்று பெயர். என் பெட்டி விடுவதானால் அதை அக்ஸஸ் பாயிண்டாக வைத்துக்கொண்டால் போதும், அதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பணம் கொடுத்தவன் நான் ஆதலால் விட்டுக்கொடுக்க வேண்டியது அவர்கள் பெட்டியே என்று ஒரு கணமும் தயங்காமல் தீர்மானித்து, வாடிக்கையாளர் சேவை எண்ணோடு மூன்று நாள் மல்லாடி, அதைப் பிரிட்ஜ் மோடுக்கு மாற்றச் செய்து, அவர்கள் கொடுத்த பெயரையும் கடவுச்சொல்லையும் என் ரௌட்டரில் பதிந்து வெற்றி கொண்டாடினேன். என் பெட்டி விட்டுக்கொடுத்திருந்தாலும் மகளின் பாடம் தடையின்றிக் கடைசி அறைக்குப் போயிருக்கும் என்ற நினைவு அந்த மூன்று நாளில் ஒருதரம்கூட எனக்கு வரவில்லை.

ஆனால் தோற்றுப்போனதாக நான் எண்ணிய அந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்க்கப் பார்க்க, என் வெற்றி சிறுத்துக்கொண்டே வந்தது. அது ஒன்றும் ஓய்ந்துவிடவில்லை. கண்ணாடி இழையில் வரும் ஒளியை மின்துடிப்பாக்குவதும், வீட்டிலிருந்து போகும் மின்துடிப்பை ஒளியாக்குவதும் ஆகிய தன் ஸ்வதர்மத்தை இரவு பகலாகச் செய்துகொண்டே இருந்தது. என் விலையுயர்ந்த பெட்டிக்கு அந்த வித்தை சுத்தமாகத் தெரியாது. கறுப்புப் பெட்டி விட்டது ஆட்சியை மட்டுமே. கீதையின் 18-ஆம் அத்தியாயம் தியாகத்தைப் பற்றிச் சொல்வதை இதைக் காட்டிலும் ஸ்தூலமாக நான் கண்டதில்லை. விதிக்கப்பட்ட கருமத்தை விட்டுவிடுவது தியாகமாகாது என்பதும், பற்றையும் பலனையும் விட்டுச் செய்வதே தியாகம் என்பதும் அங்கே நிர்ணயிக்கப்படுகின்றன. இதை விரித்த வைஷ்ணவ ஆசாரியர்கள், செய்கிறவன் நான் என்ற எண்ணம், இது எனது என்ற எண்ணம், இதன் பயன் எனக்கே என்ற எண்ணம் ஆகிய மூன்றையும் விடச் சொன்னார்கள். செயலை விடச் சொல்லவில்லை. எங்கள் ஊருக்குத் தெற்கே அதிக தூரமில்லாத ஸ்ரீபெரும்புதூரில் 1017-ஆம் ஆண்டு அவதரித்ததாகச் சம்பிரதாயம் கூறும் இராமாநுஜர், வேதார்த்த சங்கிரகத்தில் சேஷம் என்ற சொல்லுக்கு இலக்கணம் சொல்லும்போது, மற்றொன்றுக்கு மேன்மை விளைப்பதையே தன் இயல்பாகக் கொண்டது எதுவோ அதுவே சேஷம் என்கிறார். அடிமை என்று நாம் மொழிபெயர்த்துக் கூசும் அந்தச் சொல்லில் தாழ்வு எதுவும் தொனிக்காததன் காரணம், ஆட்சியற்றுப் போயும் ஒளி குன்றாமல் நின்ற அந்தப் பெட்டியைப் பார்த்தபோது எனக்கு ஓரளவு விளங்கிற்று.

மெஷ் பெட்டிகளில் இரண்டாவதை எங்கே வைப்பது என்பதிலும் ஒரு பாடம் இருந்தது. எந்த அறையில் இணைப்பு இல்லையோ அங்கேதான் பெட்டி வைக்க வேண்டும் என்று எண்ணிக் கடைசி அறையில், மகளின் மேஜை மேலேயே வைத்தேன். அவள் போனில் வைஃபைக் குறி முழுமையாகத் தெரிந்தது. பாடமோ முன்போலவே நின்று நின்று வந்தது. முதல் பெட்டியின் அலை எட்டாத இடத்தில் இரண்டாவது உட்கார்ந்தால், அது எதைப் பெற்று எதைக் கொடுக்கும்? இரண்டு சுவர்களுக்கும் நடுவே இருக்கும் அறைக்கு அதைக் கொண்டுவந்து, முதல் பெட்டியின் கண்பார்வையில், அதாவது வாசற்கதவின் நேர்கோட்டில் வைத்த பிறகே கடைசி அறைக்கு உயிர் வந்தது. குரு பரம்பரை என்பதன் நியாயம் இதுவே. கேட்பவனுக்கு மிக அருகில் இருப்பது மட்டும் ஆசாரியனுக்கு லக்ஷணமாகாது. தான் பெறுகிற இடத்துக்கும் அவன் அருகில் இருந்தாக வேண்டும். குறி முழுமையாகக் காட்டிக்கொண்டு உள்ளே ஒன்றும் வராமலிருக்கும் பெட்டிகளை மேடைகளிலும் நாம் கண்டிருக்கிறோம்.

எல்லாம் ஒழுங்காயிற்று என்று நான் நிம்மதியடைந்த சில நாட்களில், தினந்தோறும் இரவு ஒன்பதரை மணிக்குக் கடைசி அறை இருளத் தொடங்கிற்று. கம்பெனிக்குப் போன் செய்தால், எங்கள் பெட்டி வரையில் சரியாக இருக்கிறது என்றார்கள். லைன்மேன் முன்பே சொன்ன எல்லைக்கோட்டை அவர்களும் சொன்னார்கள். இரண்டு நாள் அவர்களையே நொந்துகொண்டிருந்தேன். மூன்றாம் நாள் இரவு நடு அறையில் விழித்திருந்தபோது, என் தாயார் வழக்கம்போல வீட்டை ஒருதரம் சுற்றிவந்து, அடுப்படியில் கேஸை மூடி, கொல்லைக் கதவைத் தாழிட்டு, போகிற போக்கில் மெஷ் பெட்டியின் ஸ்விட்சையும் அணைத்துவிட்டுப் படுக்கப் போவதைக் கண்டேன். கேட்டபோது, "ராத்திரி பூரா யாருக்குன்னு வெளக்கு எரியுது? அத்த அணைச்சேன். உன் நெட்ட நான் எங்க அணைச்சேன்?" என்றார். குறை கம்பெனியதும் அன்று, தாயாருடையதும் அன்று. அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்பதை, அறுபது வருஷமாக ஒரு விளக்கும் வீணாக எரியவிடாத அந்த அம்மையாருக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், சுவரில் இருந்த முதல் ஸ்விட்சில் செருகிவிட்டு வந்தவன் நான். உங்க ரௌட்டர் உங்க பொறுப்பு என்று சொன்ன குரல் காதில் ஒலித்தது. உரிமையை ஒரு நிமிஷத்தில் வாங்கிவிட்டேன். அதற்குரிய கடமையை ஸ்விட்ச் ஸ்விட்சாக அல்லவா தேடிக்கொள்ள வேண்டியிருந்தது!

எதிர் வீட்டுப் பெரியவர், அம்பத்தூரில் லேத்துப் பட்டறையொன்றில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இக்கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். சனிக்கிழமை தவறாமல் திருநின்றவூர் பக்தவத்ஸலப் பெருமாளைச் சேவித்து வருகிறவர். அவர் வீட்டில் கம்பெனிப் பெட்டி ஒன்றேதான். "பூனைக்குட்டி மாதிரி கெடக்கறத வுட்டுட்டுக் குரங்குக்குட்டி மாதிரி எதுக்கு சார் தொங்கறீங்க?" என்றார். தாய்க் குரங்கைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும் குட்டியையும், தாய்ப் பூனை கவ்விக்கொண்டு போக வாளாவிருக்கும் குட்டியையும் காட்டி வடகலையாரும் தென்கலையாரும் சரணாகதியைப் பற்றி நூற்றாண்டுகளாக வாதித்த வாதத்தை அவர் என் சுவரில் மாட்டிவிட்டார். அவர் கட்சியில் நியாயம் இருப்பதை மறுக்க மாட்டேன். ஆனால் இரண்டு உபமானங்களுக்கும் பொதுவான ஒன்றை அவ்வாதத்தின் விறுவிறுப்பில் நாம் மறந்துவிடுகிறோம். குரங்குக்குட்டி எவ்வளவு இறுகப் பற்றினாலும், அது பற்றுகிற தாயை அது உண்டாக்கவில்லை. என் சொந்த ரௌட்டரும் பற்றிக்கொண்டிருப்பது, தான் உண்டாக்காத ஓர் ஒளியைத்தான்.

திருநின்றவூர் என்றதும் பூசலார் நினைவு வராமற்போகாது. எங்கள் ஊருக்கு அடுத்த ஸ்டேஷன் அது. சிவபெருமானுக்குக் கோயில் எடுக்க விரும்பிப் பொருள் தேடி, எங்கும் கிடைக்காமல், மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிய அந்த அந்தணரின் கதையைப் பெரியபுராணத்தில் சேக்கிழார் விரித்திருக்கிறார். காஞ்சியில் பல்லவ மன்னன் பெரும் பொருள் செலவிட்டுக் கற்றளி எடுத்துக் குடமுழுக்குக்கு நாள் குறித்தபோது, இறைவன் அவன் கனவில் தோன்றி, அந்நாளில் நின்றவூரில் அன்பன் அமைத்த ஆலயத்தில் நாம் புகுகிறோம், நீ வேறு நாள் பார்த்துக்கொள் என்று கூறினார். மன்னன் தேடிக்கொண்டு நின்றவூர் வந்தான். பூசலார் கட்டிய கோயில் எது என்று கேட்டான். அப்படியொரு கோயிலே இங்கு இல்லை என்றார்கள் ஊரார். அதன் பிறகுதான் உண்மை விளங்கிற்று. இன்று அவ்வூரில் இருதயாலீசுவரர் என்ற பெயரில் கண்ணுக்குத் தெரியும் ஆலயமும் இருக்கிறது.

செல்வத்தைவிட அன்பே பெரிது என்பது இக்கதைக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் தாத்பரியம். அது சரியே, ஆயினும் என் கேள்வியோடு போய்ப் பார்த்தபோது, அதில் வேறு இரண்டு விஷயங்கள் எனக்குப் புலப்பட்டன. மனத்தில் கட்டுவதற்குக் கூலி இல்லை, கல் இல்லை, காலம் இல்லை. நினைத்த மாத்திரத்தில் ஆயிரங்கால் மண்டபத்தோடு கோயில் எழுந்து நிற்கலாம். பூசலாரோ அப்படிச் செய்யவில்லை. மனத்திலேயே தச்சரை வருவித்தார், ஆகமம் பார்த்தார், நல்ல நாளில் அடிநிலை பாரித்தார், இரவிலும் கண் துயிலாமல் வரிசை வரிசையாக எடுத்துச் சென்று சிகரம் ஏற்றினார், சுதை பூசினார், கிணறு தோண்டினார், மதில் எடுத்தார், குளம் தொட்டார், குடமுழுக்குக்கும் நாள் வரட்டும் என்று காத்திருந்தார். மனக்கோட்டை கட்டுகிறவனுக்கும் மனக்கோயில் கட்டியவருக்கும் உள்ள பேதம் இதுவே. கோட்டை கட்டுகிறவன் எனது என்ற சுகத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறான். கிணறு தோண்டும் சிரமத்தை எடுத்துக்கொள்வதில்லை. எவரும் கணக்குக் கேட்க முடியாத இடத்தில் ஒரு படியைக்கூடத் தாண்டாமல் கணக்குக் கொடுத்ததனால்தான், எவரும் காண முடியாத அந்தக் கோயில் அவருடையதாயிற்று.

மற்றொன்று, இறைவன் மன்னனிடம் சொன்னதும் சொல்லாததும். உன் கோயில் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை; இடித்துவிடு என்றும் சொல்லவில்லை. நாளை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொன்னார். ராஜசிம்ம பல்லவன் காலத்ததாக, 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்ததாகச் சரித்திர ஆசிரியர்கள் கொள்ளும் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலே அம்மன்னன் எடுத்த கற்றளி என்பது வழிவழிக் கொள்கை. அது இன்றும் நிற்கிறது, நாம் போய் வணங்குகிறோம். புறத்தே உள்ள உடைமை பொய் என்றோ பாவம் என்றோ இக்கதை சொல்லக் காணோம். முதல் இடம் தனக்கே என்ற எண்ணத்தை மட்டும் ஒரு நாள் தள்ளிப்போடச் சொல்கிறது. தள்ளிப்போட்ட மன்னனும், நின்றவூரில் அந்த அந்தணர் காலடியில் விழுந்த பிறகு தன் ஊருக்கே திரும்பிப் போனான்.

ஆகையால், எனது என்பதை ஒழித்துவிட வேண்டும் என்று கூறும் துறவு நூல்களோடு வாதிடுவது என் நோக்கமன்று. அவை பேசும் உயரம் வேறு. சம்சாரியாக, சந்தா கட்டுகிறவனாக, சுவருக்கு அப்பாலும் இப்பாலும் பிறர் பொருளின்மேலேயே வாழ்கிற எனக்கு, அந்தச் சொல்லைத் திருத்திக்கொண்டு பேசினால் போதும் என்று தோன்றுகிறது. பில்லைக் காட்டி எனது என்பது ஒன்று. பழுதானால் எழுந்து பார்க்க வேண்டியவன் நானே என்ற கருத்தில் எனது என்பது மற்றொன்று. முன்னதை நான் அந்தக் கறுப்புப் பெட்டியைப் பற்றிச் சொல்ல முடியாது, பின்னதைச் சொல்லலாம்.

இதை எனக்கு முன்பே அறிந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள் என்பது ஆயுத பூஜையன்று தெரியவந்தது. சுண்டல் கொண்டுவந்த எதிர் வீட்டுப் பெரியவர், பழைய நாட்களில் பட்டறையில் அந்தப் பூஜை நடந்த விதத்தைச் சொன்னார். எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் கெரஸின் போட்டுத் துடைத்து, லேத்தின் சக்குக்கு மாலை சாத்தி, அதன் அடிப்பாகத்தின் மேல் விபூதிப் பட்டை இட்டு, பொட்டு வைத்து, அன்று முழுவதும் மெஷினை ஓட்டாமல் வைத்திருப்பார்களாம். "என் லேத்து இருக்கே சார், அதும் சத்தத்த வெச்சே எங்க தேஞ்சிருக்குன்னு சொல்லிடுவேன்" என்றார். முப்பது வருஷத்தில் அந்த லேத்தின் ஒரு திருகாணிக்கும் அவர் சொந்தக்காரர் அல்லர். வேலையை விட்டு வந்தும் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. ஆயினும் அந்த 'என்' என்பதில் யாருக்கும் ஆக்ஷேபம் எழாது. ஆவடியிலும் காக்களூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் அன்று ஆயிரக்கணக்கானவர்கள் தமக்குச் சொந்தமில்லாத இயந்திரங்களுக்கு இப்படித்தான் பொட்டு வைத்துக்கொண்டிருந்திருப்பார்கள். அப்போதுதான் எனக்கு அந்த லைன்மேன் நினைவுக்கு வந்தார். என்னைப் பார்த்து உங்க ரௌட்டர் என்று பிரித்துப் பேசியவர், தமக்குப் பத்து ரூபாய் பாத்தியதை இல்லாத கம்பெனிப் பெட்டியை, "நம்ம பாக்ஸ்" என்று அல்லவா சொன்னார்!

மாலையில் என் தாயார் சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிவந்தார். அரிவாள்மணை, தையல் மெஷின், என் ஸ்கூட்டர், மகளின் கணினி எல்லாவற்றுக்கும் பொட்டு ஆயிற்று. கூடத்துச் சுவருக்கு வந்தபோது, "பாட்டி, லைட்டு மேல வெச்சிடாதீங்க, மறைச்சிடும்" என்றாள் மகள். தாயார் விரலைச் சற்றுக் கீழே இறக்கி, கறுப்புப் பெட்டிக்கு ஒரு பொட்டும், பக்கத்தில் இருந்த என் வெள்ளைப் பெட்டிக்கு ஒரு பொட்டும் வைத்தார். பிறகு நடு அறைக்குப் போய், தாம் இரவில் அணைத்துவந்த மூன்றாவது பெட்டிக்கும் வைத்துவிட்டு, அதன் ஸ்விட்ச் போட்டிருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார். எந்தப் பெட்டி யாருடையது என்று அவர் கேட்கவில்லை.